நம்மவர் பாசமும் நடுவர் நாற்காலியும்

எங்கள் பேத்திக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சக்கரக் காலணியை மாட்டிக்கொண்டு ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போய்விடுவாள். நாக்பூர் வெயிலில் பனியாவது, சறுக்காவது! எல்லாம் சிமெண்டுத் தரையில்தான். ஆனாலும் பனித்தரையில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் மீது அவளுக்கு அலாதிப் பிரியம். சென்ற மாதம் ஒரு நாள் தன் அப்பாவின் மொபைலில் தென்கொரியாவின் கிம் யூனா 2014-ஆம் ஆண்டு சோச்சி ஒலிம்பிக்கில் ஆடியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டம் முடிந்தது. கிம்முக்கு வெள்ளிப் பதக்கம் என்று தெரிந்ததும் பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தாத்தா, இவங்க ஒரு தடவைகூட விழலையே! அப்புறம் ஏன் வெள்ளி?"

"ஜட்ஜுங்க அப்படித் தீர்மானிச்சாங்கம்மா" என்றேன்.

"ஜட்ஜுங்க எந்த ஊர்க்காரங்க?"

இந்தக் கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வயதுக் குழந்தைக்கு முதலில் தோன்றிய சந்தேகமே இதுதான். நடுவர் சரியாகப் பார்த்தாரா, விதிமுறை என்ன சொல்கிறது என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. எந்த ஊர்க்காரர் என்று கேட்டாள். இதை அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? வேறு யார், நாம்தான். ஸ்கேட்டிங் போட்டிகளுக்கு வரும் பெற்றோர்களும், வீட்டில் கிரிக்கெட் பார்க்கும்போது அம்பயரைத் திட்டும் என்னைப் போன்ற பெரியவர்களும்தான். அன்று முதல் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அளக்க முடிந்ததும் முடியாததும்

ஓட்டப் பந்தயத்துக்குக் கடிகாரம் உண்டு. நீளம் தாண்டுதலுக்கு டேப் உண்டு. ஃபிகர் ஸ்கேட்டிங்கோ பாதி விளையாட்டு, பாதி நடனம். ஆகாயத்தில் எத்தனை சுற்று சுற்றினாள் என்பதை எண்ணிவிடலாம். எவ்வளவு அழகாகச் சுற்றினாள், இசையோடு எவ்வளவு இழைந்தாள் என்பதை எந்த டேப்பால் அளப்பது? அதற்கு மனிதர்கள் வேண்டும். மனிதர்கள் என்றால் அவர்களுக்கு ஊர் இருக்கும், மொழி இருக்கும், வேண்டியவர் வேண்டாதவர் இருப்பார்கள்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன் என்பதால் இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். அகல ரயில் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். கேஜ் வைத்து யார் அளந்தாலும் ஒரே விடைதான் வரும். ஆனால் கடைசிப் பெட்டியின் பின் ஜன்னலில் நின்றபடி பாதையின் 'ஓட்டம்' எப்படி என்று பார்த்துக்கொண்டே வரும்போது ஓர் அதிகாரி 'நன்று' என்பார். இன்னொருவர் 'சுமார்' என்பார். அந்த செக்‌ஷன் இன்ஸ்பெக்டரை அவருக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்பதும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். பிற்பாடு அதிர்வைப் பதிவு செய்யும் கருவிகள் வந்தன. தகராறு குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. கிராஃப் தாளில் ஏறி இறங்கும் கோட்டுக்கு யார் பொறுப்பு என்று புதிய தகராறு தொடங்கியது. ஸ்கேட்டிங்கின் கதையும் அச்சு அசல் இதுவேதான்.

ஐந்துக்கு நான்கு

முன்பெல்லாம் ஸ்கேட்டிங்கில் 6.0 தான் உச்ச மதிப்பெண். ஒன்பது நடுவர்கள் தத்தம் மதிப்பெண்ணைப் போட்டு ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்துவார்கள். பெரும்பான்மை எந்தப் பக்கமோ அவருக்கே தங்கம். எனவே ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம் என்று பிரிந்துவிட்டால், ஒரே ஒரு மனிதரின் அபிப்பிராயத்தில் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு தங்கமாகவோ வெள்ளியாகவோ ஆகிவிடும்.

1988-இல் கனடாவின் கால்கரி நகரில் அதுதான் நடந்தது. தொடக்க விழாவில் கனடாவின் கொடியை ஏந்தி வந்த பிரையன் ஓர்ஸர், சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன்னிலையில், அமெரிக்காவின் பிரையன் பாய்டானோவிடம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தங்கத்தை இழந்தார். 1994-இல் லில்லிஹாமரில் உக்ரைனின் 16 வயது ஒக்ஸானா பயூல், அமெரிக்காவின் நான்சி கெரிகனை வென்றதும் ஐந்துக்கு நான்குதான். தாயை இழந்த பெண், முந்தின நாள் பயிற்சியில் மோதிக் காலில் தையல் போட்டுக்கொண்டு வந்து ஆடினாள். அப்படியும் அமெரிக்க ரசிகர்களில் பலர் இன்று வரை 'கெரிகனுக்குத்தான் தங்கம் கிடைத்திருக்க வேண்டும்' என்பார்கள்.

இதெல்லாம் அபிப்பிராய பேதம் என்று விட்டுவிடலாம். 2002-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடந்ததை அப்படி விட முடியாது. ஜோடிகள் பிரிவில் ரஷ்யாவின் யெலெனா பெரெஷ்னயா, அன்டோன் சிகாருலிட்ஸே ஜோடிக்கும், கனடாவின் ஜேமி ஸாலே, டேவிட் பெல்டியே ஜோடிக்கும் போட்டி. ரஷ்யர் ஒரு தாவலில் இறங்கும்போது சற்றே தடுமாறினார். கனடா ஜோடி பிழையின்றி ஆடியது. தீர்ப்பு ஐந்துக்கு நான்கு, ரஷ்யாவுக்குத் தங்கம். ரஷ்யா, சீனா, உக்ரைன், போலந்து, பிரான்ஸ் நடுவர்கள் ஒரு பக்கம். அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, ஜப்பான் நடுவர்கள் மறுபக்கம். பிரான்ஸை மட்டும் எடுத்துவிட்டால், பனிப்போர் காலத்து உலக வரைபடத்தை அப்படியே மேஜையில் விரித்தாற்போல இருக்கிறது!

பிறகு பிரான்ஸ் நடுவர் தம் நாட்டுச் சங்கத் தலைவர் கொடுத்த நிர்ப்பந்தத்தால்தான் அப்படி மதிப்பெண் போட்டதாகச் சொன்னார். அப்புறம் அதை மறுத்தார். ஐஸ் டான்ஸ் பிரிவில் பிரெஞ்சு ஜோடிக்கு உதவி, இங்கே ரஷ்ய ஜோடிக்கு உதவி என்று கொடுக்கல் வாங்கல் பேசப்பட்டதாகக் குற்றச்சாட்டு. நடுவரும் சங்கத் தலைவரும் மூன்றாண்டு தடை செய்யப்பட்டார்கள். கனடா ஜோடிக்கும் தங்கம் வழங்கப்பட்டது. ஒரு போட்டிக்கு இரண்டு தங்கம், இரண்டு மேடை.

இதில் என்னை வருத்துவது வேறொன்று. அந்த பெரெஷ்னயா 1996-இல் பயிற்சியின்போது, அப்போது உடன் ஆடிய ஜோடியின் ஸ்கேட் கத்தி தலையில் பாய்ந்து, மூளையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். பேச்சையே மறுபடி கற்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர் ஆறு ஆண்டில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆனால் உலகம் அவர் கழுத்தில் தொங்கிய பதக்கத்தைத் திருட்டு நகையைப் பார்ப்பது போலப் பார்த்தது. தப்பு செய்தவர்கள் கோட்டு சூட்டு போட்டவர்கள். தண்டனை பனியில் ஆடிய நான்கு பேருக்கும். கனடா ஜோடிக்கும் அந்த ராத்திரியின் சந்தோஷம் திரும்பக் கிடைக்கவில்லையே!

சோச்சியின் கணக்கு

அந்த அவமானத்துக்குப் பிறகு 6.0 முறைக்கு விடை கொடுத்துவிட்டு, 2004 முதல் புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் அடிப்படைப் புள்ளி உண்டு. சுற்று முழுமையானதா என்பதைத் தொழில்நுட்பக் குழு வீடியோவில் திருப்பிப் போட்டுப் பார்க்கும். செய்த விதத்துக்கு நடுவர்கள் கூட்டியோ குறைத்தோ போடுவார்கள். மிக அதிகமான மதிப்பெண்ணையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுப்பார்கள். இன்ஜினீயர்களுக்குப் பிடித்த ஏற்பாடு! இதோடு நடுவர்களுக்கு வெளி நிர்ப்பந்தம் வரக்கூடாது என்று, எந்த மதிப்பெண்ணை யார் போட்டார் என்பதையும் மறைத்துவிட்டார்கள். சண்டை தீர்ந்ததா? சோச்சியைப் பாருங்கள்.

முதல் நாள் குறு ஆட்டத்தில் கிம் யூனா 74.92, ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவா 74.64. இடைவெளி கால் புள்ளிக்குச் சற்றே அதிகம். மறுநாள் நெடு ஆட்டத்தில் சோட்னிகோவாவுக்கு 149.95, கிம்முக்கு 144.19. மொத்தம் 224.59-க்கு 219.11. தென்கொரியாவில் கொந்தளிப்பு. விசாரணை வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். கொரிய ஒலிம்பிக் சங்கம் புகார் செய்தது. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் அதைத் தள்ளுபடி செய்தது.

உணர்ச்சியை ஒதுக்கி வைத்துக் கணக்கைப் பார்ப்போம். நெடு ஆட்டத்தில் சோட்னிகோவா ஏழு மும்முறைச் சுற்றுத் தாவல்கள் செய்தார், கிம் ஆறு. ஆகவே அடிப்படைப் புள்ளியில் சோட்னிகோவா முன்னே நின்றது விதிப்படி சரிதான். ஆனால் அவர் ஓரிடத்தில் தடுமாறி இறங்கினார், கிம் தடுமாறவில்லை. கிம்முடைய நளினமும் முதிர்ச்சியும் வேறு ரகம் என்று சொல்பவர்கள் இன்றும் ஏராளம். அந்த நளினத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணில்தான் தகராறு. தங்கம் திருடப்பட்டது என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. யாதொரு சந்தேகமும் இல்லாத தீர்ப்பு என்று சொல்லவும் தயாரில்லை.

ஏனென்றால் நடுவர் குழுவைப் பாருங்கள். ரஷ்ய நடுவர், ரஷ்ய ஸ்கேட்டிங் சங்கத்தின் முக்கிய நிர்வாகியின் மனைவி. இன்னொருவர் உக்ரைன் நடுவர். 1998 நகானோ ஒலிம்பிக்கின்போது முடிவை முன்கூட்டிப் பேசியது தொலைபேசிப் பதிவில் சிக்கி, ஓராண்டு தடை செய்யப்பட்டவர். அவர்கள் சோச்சியில் நேர்மையாகவே மதிப்பெண் போட்டிருக்கலாம். ஆனாலும் அவர்களை அங்கே உட்கார வைத்தது பெருந்தவறு. நியாயம் நடந்தால் மட்டும் போதாது, நடந்தது ஊருக்குத் தெரியவும் வேண்டும். பாலத்தின் உறுதியைச் சோதிக்க, அதைக் கட்டிய கான்ட்ராக்டரின் வீட்டுக்காரம்மாவையா அனுப்புவோம்?

பெயரை மறைத்த ஏற்பாடும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாததால் எல்லாரையும் சந்தேகிக்க முடிந்தது. கடைசியில் 2016-இல் அந்த மறைப்பைக் கைவிட்டார்கள். இதிலிருந்து நான் கற்றது: நடுவரை இருட்டில் உட்கார வைத்தால் நேர்மை வளராது. வெளிச்சத்தில் உட்கார வைத்தால் தப்பு செய்யக் கொஞ்சம் கூச்சமாவது வரும்.

இவ்வளவுக்கும் நடுவே கிம் யூனா தீர்ப்பைக் குறை சொல்லிக் கூப்பாடு போடவில்லை. தன் ஆட்டத்தை ஆடிவிட்டேன் என்ற நிறைவோடு விடைபெற்றார். அழுதது, ஆத்திரப்பட்டது எல்லாம் ரசிகர்கள்தான்.

பிள்ளைகள் தலையில் ஏற்றும் மூட்டை

தேசப்பற்று நல்லதுதான். தேசியக் கொடி ஏறும்போது கண் கலங்காதவன் நானில்லை. ஆனால் அந்தப் பற்றை ஒரு சின்னப் பெண்ணின் முதுகில் மூட்டையாக ஏற்றும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது.

கிம் யூனாவும் ஜப்பானின் அஸாடா மாவோவும் 1990 செப்டம்பரில் பிறந்தவர்கள். இருபது நாள்தான் வித்தியாசம். சிறுமிகளாக இருந்தபோதே ஒருவருக்கொருவர் போட்டி. 1910 முதல் 1945 வரை ஜப்பான் கொரியாவை ஆண்டது. அந்தப் பழைய காயத்தின் கணக்கையெல்லாம் இந்த இரண்டு பெண்கள் பனியில் தீர்க்க வேண்டும் என்று இரண்டு நாட்டு ரசிகர்களும் எதிர்பார்த்தார்கள். 2010 வான்கூவரில் கிம்முக்கு 228.56 புள்ளியுடன் தங்கம். அஸாடா அந்தப் போட்டியில் மூன்று முறை ட்ரிபிள் ஆக்ஸல் என்ற மிகக் கடினமான தாவலைச் செய்தும் வெள்ளி. நாலு வருஷம் கழித்து சோச்சியில் குறு ஆட்டத்தில் விழுந்து 16-ஆம் இடத்துக்குப் போனார் அஸாடா. உடனே அவர் நாட்டு முன்னாள் பிரதமர் ஒருவரே, 'இந்தப் பெண் முக்கியமான சமயத்தில் எப்போதும் விழுந்துவிடுகிறது' என்ற பொருளில் பேசினார். மறுநாள் அதே பெண் ட்ரிபிள் ஆக்ஸலோடு ஆடி 142.71 புள்ளி வாங்கி, ஆறாம் இடத்துக்கு ஏறினார். ஆட்டம் முடிந்ததும் பனியிலேயே அழுதுவிட்டார். பதக்கம் இல்லை. ஆனால் அன்று அவர் ஆடியதைத்தான் இன்றும் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள்.

2022 பெய்ஜிங்கில் ஜு யீ என்ற பெண்ணுக்கு நேர்ந்ததை எண்ணினால் இன்னும் வேதனை. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டுப் பெற்றோர் நாடான சீனாவுக்காக ஆட வந்தார். அணிப் போட்டியில் விழுந்துவிட்டார். 'சீன மொழிகூடச் சரியாகத் தெரியாதவளுக்கு ஏன் இடம் கொடுத்தீர்கள்' என்று சீன ரசிகர்கள் அவரை வசை பாடித் தீர்த்தார்கள். வென்றிருந்தால் 'எங்கள் ரத்தம்' என்று கொண்டாடியிருப்பார்கள். விழுந்ததும் 'அமெரிக்காக்காரி' ஆகிவிட்டார்!

அதே பெய்ஜிங்கில் ரஷ்யாவின் கமீலா வலியேவா. வயது 15. தடை செய்யப்பட்ட மருந்து அவர் உடலில் இருந்ததாகத் தெரிய வந்து, உலகமே பார்த்துக்கொண்டிருக்க ஆடி, விழுந்து விழுந்து நான்காம் இடம் வந்தார். 2024 ஜனவரியில் அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. அணிப் போட்டியின் தங்கமும் வெள்ளியும் அமெரிக்கர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் 2024 ஆகஸ்டில், பாரீஸ் கோடை ஒலிம்பிக்கின்போதுதான் கைக்கு வந்தன. பனியில் வென்ற பதக்கத்தை ஆகஸ்டு வெயிலில் வாங்கினார்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எது மருந்து, எது விஷம் என்று சொல்ல வேண்டிய பெரியவர்கள் எங்கே போனார்கள்?

யார் நம்மவர்?

சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இந்தக் கேள்வி சாதாரணமானதல்ல.

2018-இல் பியோங்சாங்கில் ஜோடிகள் பிரிவில் ஜெர்மனிக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள் யார் தெரியுமா? உக்ரைனில் பிறந்த அல்யோனா சாவ்சென்கோ, பிரான்ஸில் பிறந்த புரூனோ மசோ. மசோ ஜெர்மன் குடியுரிமை பெற ஜெர்மன் மொழித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. சாவ்சென்கோவுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக், வயது 34. ஜெர்மன் கொடி ஏறியபோது இருவரும் அழுதார்கள். அந்தக் கண்ணீர் எந்த நாட்டுக் கண்ணீர்? 2014-இல் கஜகஸ்தானுக்கு ஃபிகர் ஸ்கேட்டிங்கில் முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த டெனிஸ் டென், கொரிய வம்சாவளியினர். 2018-இல் அல்மாட்டி நகரில் அவர் கொல்லப்பட்டபோது கஜக் மக்கள் தங்கள் சொந்தப் பிள்ளையை இழந்தது போலத்தான் அழுதார்கள். 1992-இல் அமெரிக்காவுக்குத் தங்கம் வென்ற கிறிஸ்டி யாமகுச்சியின் தாய், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா அடைத்து வைத்த முகாம் ஒன்றில் பிறந்தவர். சந்தேகப்பட்டு அடைத்து வைத்த அதே நாட்டுக்கு, அந்த வீட்டுப் பெண்ணே தங்கம் வாங்கித் தந்தாள்.

நம் நாட்டிலும் இந்த விளையாட்டு இல்லாமல் இல்லை. சிம்லாவில் நூறாண்டு கடந்த இயற்கைப் பனித்தளம் இருக்கிறது. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் உள்ளரங்கம் கட்டினார்கள். அமெரிக்காவில் பிறந்த தாரா பிரசாத் என்ற பெண் இந்தியக் குடியுரிமை ஏற்று நமக்காகச் சர்வதேசப் போட்டிகளில் ஆடியிருக்கிறார். அவர் விழும்போது, ஜு யீயைச் சீனர்கள் நடத்தியது போல நாமும் நடத்துவோமா? பதக்கம் வந்தால் மட்டும் சொந்தம் கொண்டாடுவோமா?

நம் வீடுகளையே பாருங்கள். இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் மகாராஷ்டிர மாநிலத்துக்காக விளையாடுகிறார்கள். ஜெயித்தால் 'தமிழ்ப் பிள்ளை' என்று நாம் படம் போடுகிறோம். பக்கத்து வீட்டு மராட்டியரோ 'ஆம்சி முல்கி', எங்கள் பெண் என்று பேடா கொடுக்கிறார். இரண்டும் சரிதான். ஒரு குழந்தையைச் சொந்தம் கொண்டாட இரண்டு ஊர் இருப்பதில் என்ன நஷ்டம்?

பிரையன் ஓர்ஸரைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? 1988-இல் சொந்த ஊரில் ஒரு வாக்கில் தங்கத்தை இழந்த கனடாக்காரர். அவர் பிற்பாடு கோச் ஆனார். கிம் யூனாவைப் பயிற்றுவித்தார். 2010-இல் கனடாவின் வான்கூவரிலேயே அந்தக் கொரியப் பெண் தங்கம் வென்றபோது, அரங்கின் ஓரத்தில் நின்று, அவளோடு சேர்ந்து தாவுகிறவரைப் போலத் துள்ளிக்கொண்டிருந்தார். அதே போட்டியில் வெண்கலம் வென்றவர் கனடாவின் ஜோயானி ரோஷெட். சில நாள் முன்புதான் தாயைப் பறிகொடுத்திருந்தார். கனடா மக்கள் தங்கள் பெண்ணுக்காகவும் அழுதார்கள். கொரியப் பெண்ணுக்கும் கைதட்டினார்கள். பின்னர் ஓர்ஸரிடமே ஜப்பானின் ஹான்யு யுசுருவும் ஸ்பெயினின் ஹாவியர் ஃபெர்னாண்டஸும் சேர்ந்து பயின்றார்கள். 2018-இல் ஒருவருக்குத் தங்கம், மற்றவருக்கு வெண்கலம். ஒரே குரு, ஒரே தளம், வெவ்வேறு கொடி. ஹான்யுவுக்குச் சீனாவிலும் எத்தனை ரசிகர்கள்! அரசாங்கங்களுக்குள் ஆயிரம் பிணக்கு இருக்கட்டும். ரசனைக்கு விசா வேண்டியதில்லை.

என் அரை மதிப்பெண்

ஊராரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விழாவில் சிறுமிகளுக்கான பரதநாட்டியப் போட்டி நடந்தது. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். நடனம் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். வயதுக்கு மரியாதையாக உட்கார வைத்தார்கள். கடைசிச் சுற்றில் இரண்டு பெண்கள். ஒருத்தி நம் தமிழ்க் குடும்பத்துப் பெண். மற்றவள் தமிழ் ஆசிரியையிடம் பல வருஷமாகக் கற்றுவரும் மராட்டியப் பெண். உள்ளதைச் சொல்கிறேன்: அந்த மராட்டியப் பெண்தான் நன்றாக ஆடினாள். அடவு சுத்தம், கண்ணில் பாவம். நான் அவளுக்கு எட்டு போட்டேன். நம் பெண்ணுக்கு எட்டரை போட்டேன். மற்ற இருவரின் மதிப்பெண் சமமாக இருந்ததால் என் அரைதான் தீர்மானித்தது.

எனக்கு யாரும் போன் செய்யவில்லை. யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. 'பொங்கல் விழாவில், தமிழ் நடனத்தில், நம்ம பொண்ணு தோற்பதா?' என்று உள்ளே ஒரு குரல். அவ்வளவுதான். பரிசளிப்பு முடிந்ததும் அந்த மராட்டியப் பெண்ணின் தகப்பனார் என்னிடம் வந்து கைகுலுக்கி, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் அடுத்த ஆண்டு போட்டிக்கு வரவில்லை. காரணம் எனக்குத் தெரியாது. பரீட்சையாக இருந்திருக்கலாம். ஆனால் வேறு காரணமாக இருக்குமோ என்ற உறுத்தல் இன்றும் போகவில்லை. பிரான்ஸ் நடுவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த அரை மதிப்பெண் ஞாபகம் வருகிறது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அதை நம் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கும் போட்டி வைத்துப் பரிசும் கொடுக்கிறோம்!

எனவே நம் சங்க நிர்வாகிகளுக்கு என் தாழ்மையான யோசனைகள் சில. போட்டியாளர்களுக்கு உறவினரோ குடும்ப நண்பரோ நடுவராக இருக்க வேண்டாம். நடுவர்களில் ஒருவராவது நம் சமூகத்துக்கு வெளியே இருந்து, அந்தக் கலை தெரிந்தவராக இருக்கட்டும். என்னைப் போல வயதை மட்டும் தகுதியாகக் கொண்டவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தி அனுப்பிவிடுங்கள். ஐந்து நடுவர்களை வைத்து, உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு மூன்றுக்குச் சராசரி எடுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்பதைப் பலகையில் எழுதி வையுங்கள். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முடிவு பிடிக்கவில்லையென்றால் விதியைக் காட்டிக் கேளுங்கள். நடுவரின் ஊரையும் பேரையும் இழுக்காதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பவை குழந்தைகளின் காதுகள்.

பேத்தியின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் அவளை உட்கார வைத்து சோட்னிகோவாவின் ஆட்டத்தையும் முழுதாகப் போட்டுக் காட்டினேன். அதற்கு முன் அவள் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்து முடித்துவிட்டு, "இவங்களும் சூப்பரா ஆடறாங்க தாத்தா. ஆனா எனக்கு கிம்தான் பிடிச்சிருக்கு" என்றாள்.

"தாராளமா இருக்கட்டும்" என்றேன். வருகிற ஞாயிறு அவளுக்கே ஒரு போட்டி இருக்கிறது. நான் வெறுமனே பார்வையாளனாகப் போய் உட்காரப் போகிறேன்.